உதிரத் தெரிந்த நீலம்

சரளைக்கல் பாதையில் டெல்ஃபினின் வண்டி திரும்பும் சத்தம் கேட்டதுமே ரூயல் கொட்டகையின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டார். மாலை வெயில் நேராக உள்ளே போய் நடுவில் நிற்கும் அலமாரியின் மேல் விழ வேண்டும் என்பது அவர் திட்டம். அப்படியே விழுந்தது. ஆறடி உயர பைன் மர அலமாரி. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு, இடுப்பு உயரத்தில் அகலமான ஒரு பலகை. ஞாயிற்றுக்கிழமைவரை கரிய வார்னிஷில் மினுங்கிக்கொண்டிருந்த மரம், இப்போது அறுவை மில்லிலிருந்து நேற்று வந்ததுபோல வெளுத்துப்போய் நின்றது.

முழுதாக இரண்டு நாள் வேலை. பாங்கர் நகரத்தில் அக்காவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக டெல்ஃபின் போயிருந்த இரண்டு நாளும் ரூயல் மூக்கில் முகமூடியோடு இதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் நைஸ். கடைசியில் ஸ்பிரிட்டில் நனைத்த துணி. வெறுங்கையால் ஒரு இடத்தையும் தொடவில்லை. படகுத்துறையில் நாற்பது வருஷம் பெயிண்ட் அடித்தவர். போன மே மாதம்தான் ஓய்வு பெற்றார். பெயிண்ட் பிடிக்க வேண்டுமென்றால் அடிமரம் எப்படி இருக்க வேண்டும் என்று மெய்ன் கடற்கரையில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டெல்ஃபின் கையில் சாவியோடு வாசலிலேயே நின்றாள்.

"எப்படி?" என்றார் ரூயல்.

"வார்னிஷ் எங்கே?"

"ஒரு பொட்டு இல்ல. மூலைமுடுக்குலகூட விடல. பல்குச்சில உப்புத்தாளைச் சுத்தி எடுத்தேன்."

"பல்குச்சிலயா?"

"ஆமா. உனக்கு வேலை மிச்சம்."

டெல்ஃபின் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் ரூயலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"ரூ, அந்த வார்னிஷுக்காகத்தான் இந்த அலமாரியையே வாங்கினேன்."

அவருக்குப் புரியவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம்தான். அவள் கொட்டகையில் பழைய மேஜை நாற்காலிகளுக்குப் பால் பெயிண்ட் அடித்து, அங்கங்கே உதிரவிட்டு, பழமைத் தோற்றம் கொடுத்து விற்பதை அவர் மாலைகளில் எட்டிப் பார்த்ததுண்டு, நின்று பார்த்ததில்லை. பார்க்கவும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் நாளெல்லாம் பெயிண்ட் உதிராமல் இருக்க உழைத்துவிட்டு வருவார்; வீட்டில் மனைவி பெயிண்ட் உதிர்வதற்காக உழைத்துக்கொண்டிருப்பாள். படகுத்துறை நண்பன் டட்லி அவரைக் கேட்காத நாளில்லை: "ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ எப்படிய்யா தூங்குறீங்க?"

டெல்ஃபின் எழுந்து ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே நீலப் பொடி. பாலிலிருந்து பிரித்துக் காயவைத்த புரதம், சுண்ணாம்பு, மண்நிறம், அவ்வளவுதான் அதன் கூட்டு. ஒரு கிண்ணம் பொடிக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி கால் மணிநேரம் விட்டாள். நுரை அடங்கியதும், அலமாரியின் பின்பக்கத்தில் யாரும் பார்க்காத ஓர் இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் கிடந்த வார்னிஷ் போட்ட பழைய நாற்காலிக் காலில் இன்னொரு கோடு. மின்விசிறியைத் திருப்பி வைத்தாள்.

காய்ந்த பிறகு இரண்டையும் அவர் கையாலேயே சுரண்டச் சொன்னாள். நாற்காலிக் காலிலிருந்து நீலம் முட்டை ஓடுபோலப் பட்டென்று எகிறியது. அலமாரியில் நகம்தான் தேய்ந்தது.

"வெறும் மரம் இதைக் குடிச்சிடும்," என்றாள். "குடிச்சப்புறம் பெயிண்ட் வேற மரம் வேறன்னு பிரிக்க முடியாது. வார்னிஷ் இருந்தா குடிக்க இடமில்ல. மேலேயே உக்காந்து, காஞ்சு, சுருங்கி, வெடிச்சு, தானா விடும். அந்த விடுறதுதான் எனக்கு வேணும். நீ எனக்கு ஒரு படகு செஞ்சு வச்சிருக்கே."

ரூயல் உப்புத்தாளைப் பார்த்தார். அது இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

சாதாரண வாரமாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. இந்த வாரம் சனிக்கிழமை கிரேஞ்ச் கூடத்தில் பீன்ஸ் விருந்து.

ஊர் விவசாயிகளின் அந்தப் பழைய சங்கக் கூடத்தில், சமையலறையிலிருந்து சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு நீல அலமாரிகள் நின்றிருந்தன. போன குளிர்காலத்தில் பனி கூரையை அழுத்தி ஒழுகவைத்தது. வலதுபக்க அலமாரி உளுத்து விழுந்துவிட்டது. மார்ச் மாதக் கூட்டத்தில் டெல்ஃபின் எழுந்து, "மிச்சமிருக்கிற அலமாரிக்கு ஒரு ஜோடி நான் செஞ்சு தர்றேன்" என்றாள். சமையலறைப் பொறுப்பைப் பார்க்கும் பெண்மணி அல்மீடா பிங்கம் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்: "உன் சாமானெல்லாம் நனைஞ்ச நாய் முடி உதிர்க்கிற மாதிரி உதிர்க்குது. பீன்ஸ்ல விழும். ரெண்டு இரும்பு அலமாரி வாங்கிப் போட்டா ஒரு துடைப்புல போச்சு." கூடம் சிரித்தது. வாக்கெடுப்பு சரிபாதியாக நின்றதால் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். ஆகஸ்ட் விருந்தன்று புது அலமாரி வந்து நிற்கட்டும். ஒரு விருந்து அதை உபயோகித்துப் பார்த்துவிட்டு, சரி என்று அல்மீடா சொன்னால் இருக்கும். இல்லையென்றால் அதுவும் போகும், மிஞ்சியிருக்கும் பழைய நீலமும் போகும்.

ஏழு வருஷமாக ஊரில் டெல்ஃபினுக்கு ஒரு பெயர் இருந்தது: நல்ல சாமானைக் கெடுக்கிறவள். அவள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டு வந்து கொட்டகையில் நெடுநேரம் பேசாமல் இருப்பாள் என்பது ரூயலுக்கு மட்டும் தெரியும்.

புதன்கிழமை காலை அவர்தான் சொன்னார்: "வா, பழசைப் போய்ப் பார்க்கலாம். எப்படி உதிருதுன்னு நான் ஒழுங்காப் பார்த்ததே இல்ல."

கிரேஞ்ச் கூடத்தின் பின்னால் டட்லி மண்வெட்டியோடு நின்றிருந்தார். பீன்ஸ் பானைகளைத் தணலோடு புதைக்கும் குழிக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன டெல்ஃபின், அலமாரி தயாரா?"

"ரூ தயார் பண்ணிட்டான். கடல்லயே இறக்கலாம்."

"சொன்னேன்ல, ஒரே கூரைன்னு!" டட்லி மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

உள்ளே ரூயல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டார்ச்சை அடித்து, பழைய அலமாரியைத் தலையிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். படகின் அடிப்பாகத்தைப் பார்ப்பதுபோல, ஒரு கையகலம் முடித்துத்தான் அடுத்த கையகலம். பழைய நீலத்தில் விஷமான ஈயம் இல்லை என்று டெல்ஃபின் சோதனைக் குச்சியால் முன்பே பார்த்து வைத்திருந்தாள். அதனால் தைரியமாக நகத்தால் நெருடிப் பார்த்தார். அதுவும் பால் பெயிண்ட்தான்.

"டெல், இங்கே வா. உதிர்ந்த இடத்துல மரம் தெரியுதா?"

"சிவப்பு தெரியுது."

"அதான். முதல்ல யாரோ வெறும் மரத்துல சிவப்பு அடிச்சிருக்காங்க. அது மரத்தோட மரமாப் போயிடுச்சு, அசையல. ரொம்ப வருஷம் கழிச்சு அது மேல நீலம், அப்புறம் இன்னொரு தடவையும் நீலம். நீலம் மட்டும்தான் விடுது. சரி, எங்கே விடுது?" டார்ச் வெளிச்சம் மேலே போனது. "தலைப்பலகையில ஒண்ணுமே இல்ல. புதுசு மாதிரி இருக்கு. ஏன்?"

"கை எட்டாது."

"கை எட்டாது!" அவர் குரல் உயர்ந்தது. "குமிழைச் சுத்தி உதிர்ந்திருக்கு. கதவு விளிம்புல, விரல் பிடிக்கிற நீளத்துக்கு மட்டும் உதிர்ந்திருக்கு. இதோ கீழ்க்கதவுல தட்டு அளவுக்கு ஒரு வட்டம். இங்கே யாரு கை வைப்பாங்க?"

டெல்ஃபின் கதவைத் திறந்தாள். கையில் பானை இருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, இடுப்பால் தள்ளிச் சாத்தினாள். இடுப்பு போய் முட்டிய இடம் அந்த வட்டம்.

ரூயல் டார்ச்சை அந்த வட்டத்தின் மேல் பிடித்தார்.

படகுத்துறையில் ஒருமுறை நடந்ததை ரூயல் அப்போதுதான் சொன்னார். துடைத்து முடித்துப் பெயிண்டுக்குத் தயாராக இருந்த படகின் மேல் அதன் சொந்தக்காரர் கையை ஊன்றி நின்று கதை பேசிவிட்டுப் போனார். அதற்குமேல் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு கோடை முடிந்து படகு கரையேறியபோது, பெயிண்ட் உரிந்திருந்தது ஒரே இடத்தில்தான். ஐந்து விரலும் உள்ளங்கையுமாக. கையில் இருந்த அத்தனூண்டு எண்ணெய்ப்பசை போதுமானதாக இருந்திருக்கிறது.

"இங்கேயும் அதேதான். நாலு தலைமுறை பீன்ஸுக்கு உப்புப் பன்றிக்கொழுப்பு வெட்டின கையோட சிவப்பு அலமாரியைத் தொட்டிருக்காங்க. அதைத் துடைக்காம ஒருத்தர் நீலம் அடிச்சுட்டார். சோம்பேறி. அந்த ஆளை எங்க துறையில அரைநாள் வச்சிருக்க மாட்டோம்." அவர் விரலால் அந்த வட்டத்தைத் தடவினார். "ஆனா எவ்வளவு அழகா இருக்கு, இல்ல?"

ஏழு வருஷத்தில் இந்தச் சொல்லை அவள் தன் கடை வாடிக்கையாளர்களிடம்தான் கேட்டிருக்கிறாள்.

"ரூ," என்றாள் டெல்ஃபின் மெதுவாக, "அந்த முதல் சிவப்பு எதுமேல அடிச்சதுன்னு சொன்னே?"

"வெறும் மரத்து மேல."

"நம்ம அலமாரி இப்ப எப்படி இருக்கு?"

"வெறும் மரமாத்தான்!" என்றார் அவர். டெல்ஃபின் சிரித்த சிரிப்பில் டட்லி மண்வெட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

அன்று மத்தியானமே சிவப்பு அடித்தார்கள். மரம் ஆசையாகக் குடித்தது. வியாழக்கிழமை காலை டெல்ஃபின் பழைய அலமாரியின் புகைப்படத்தைப் பார்த்து, உதிர்ந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் அப்படியே இடம் வலமாக மாற்றி வரையத் தொடங்கினாள். ஜோடி என்றால் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிரே இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ரூயல் தடுத்தார்.

"அலமாரி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனா, அல்மீடாவோட வலது கையும் இடது கையா மாறிடுமா?"

அவள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். "வரைஞ்சா சரியா வராது. புழங்கித்தான் ஆகணும்."

தேன்மெழுகைக் கொஞ்சம் எண்ணெயோடு உருக்கி ஆறவைத்தாள். வெண்ணெய் பதத்துக்கு வந்ததும் இருவரும் உள்ளங்கையில் பூசிக்கொண்டார்கள். ஏப்ரனின் இடுப்புப் பக்கம் தடவிக்கொண்டார்கள். ரூயல் தன் முழங்காலிலும் தடவிக்கொண்டார். பிறகு அந்த அலமாரியை உபயோகிக்க ஆரம்பித்தார்கள். தட்டு எடுத்தார்கள், தட்டு வைத்தார்கள். பானையைப் பலகையில் வைத்துக் கையூன்றி மூச்சு வாங்கினார்கள். குனிந்து கீழ்க்கதவைத் திறந்து, நிமிர்வதற்காக விளிம்பைப் பிடித்தார்கள். மறுபடி முதலிலிருந்து. இருநூறு தடவையாவது இருக்கும். தொட்ட இடமெல்லாம் மெழுகு ஒட்டியது; அந்த இடங்களில் நீலம் பிடிக்காது.

"நீ இப்ப அல்மீடா," என்றாள் டெல்ஃபின். "கையில நாலு தட்டு. சாத்து."

ரூயல் உதட்டைச் சுழித்துக்கொண்டு, குதிகாலால் தரையை இடித்து நடந்து வந்து இடுப்பால் சாத்தினார்.

"ரொம்ப மேலே. அவங்க உன் உயரமா?"

"அவங்க பெரிய பொம்பளைதானே?"

"பேச்சுதான் பெரிசு. இடுப்பு இன்னும் ரெண்டு விரல் கீழே. தள்ளு, நான் பண்றேன்."

"சமையலறையில உயரமான குதிகால் செருப்பு போட்டிருப்பாங்க."

"விருந்தன்னிக்கு அவங்க தட்டைச் செருப்புதான். நான் பார்த்திருக்கேன்." ரூயல் விட்டுக்கொடுத்தார். வட்டம் இரண்டு விரல் கீழே இறங்கியது.

சாயங்காலம் எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக நீலம் அடித்தார்கள். மெழுகு எங்கே இருக்கிறது என்று இப்போது பார்த்து யாரும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை நீலம் காய்ந்து, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. ஒன்பது மணி, பத்து மணி. ரூயல் கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். இவ்வளவு அழகாகப் பிடித்திருக்கும் ஒரு பெயிண்டைப் பார்த்து அவர் கவலைப்பட்டது அதுவே முதல்முறை. டெல்ஃபின் மட்டும் அவசரப்படவில்லை. தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்து, குமிழ் அருகே வெப்பக்காற்றைக் காட்டினாள்.

மெல்லிய ஒரு சத்தம். காய்ந்த இலையை விரலால் நசுக்கும் சத்தம். நீலத்தில் ஒரு மயிர்க்கோடு ஓடி, கிளை பிரிந்து, ஓரம் சுருண்டு எழுந்தது. கீழே சிவப்பு தெரிந்தது. நாற்பது வருஷப் பழக்கம். ரூயலின் கட்டைவிரல் தானாகப் போய் அந்தச் சுருளை மரத்தோடு ஒட்டி அழுத்தியது. டெல்ஃபின் அவர் புறங்கையில் ஒன்று போட்டாள்.

"கையை எடு. அது வர்றப்ப வரட்டும்."

"பழக்கம்!"

அதற்குப் பிறகு அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். இத்தனை நாளும் இது தானாக நடக்கும் விபத்து என்று நினைத்திருந்தார். டெல்ஃபின் மழுங்கிய பட்டைத் தகட்டை அலமாரியோடு கிடையாகப் பிடித்து, விடத் தயாராக இருந்ததை மட்டும் எடுத்தாள். பிடித்துக்கொண்டிருந்ததைத் தொடவில்லை. ஒரு துணுக்கின் முன்னால் ரொம்ப நேரம் நின்று, தகட்டை அருகில் கொண்டுபோய், திரும்ப எடுத்துக்கொண்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது ரூயலுக்கு விளங்கியது: அந்தத் துணுக்கு போயிருந்தால் அது வெறும் கிழிந்த இடம். அது இருந்ததால் அங்கே ஒரு கை வந்துபோன மாதிரி இருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை. அப்படிப்பட்ட கையைப் படகுத்துறையில் இரண்டு பேரிடம்தான் அவர் பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்கும் அவர் தொப்பியைக் கழற்றியிருக்கிறார். இன்று தலையில் தொப்பி இல்லை. எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

கடைசியில் தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்துத் துடைத்தார்கள். அது பெயிண்டுக்குள் இறங்கி, மிச்சமிருக்கும் ஒவ்வொரு துணுக்கின் ஓரத்தையும் கட்டிப்போடும். எண்ணெய்த் துணிகளை ரூயல் வேலிமேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும். அது படகுத்துறைக்கும் கொட்டகைக்கும் பொதுவான பாடம்.

சனிக்கிழமை மத்தியானம் அலமாரி போய் ஜன்னலுக்கு வலப்பக்கம் நின்றது. அல்மீடா வெள்ளைத் துண்டு ஒன்றைக் கீழே விரித்து, கதவை மூன்று தடவை அறைந்து சாத்தினார். துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒண்ணும் விழலையே," என்றார் டட்லி.

"இப்ப விழல. விருந்து முடியட்டும், பார்க்கலாம்."

குழியிலிருந்து பானைகள் ஏறின. வெல்லப்பாகும் உப்புக் கொழுப்பும் கலந்த வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. நீள மேஜைகளில் நூறு பேர். பழுப்பு ரொட்டி, சிவப்பு சாசேஜ், முட்டைக்கோஸ் சாலட். டெல்ஃபின் தட்டில் எடுத்ததைச் சாப்பிடவில்லை. அவள் கண் ஜன்னல்பக்கமே இருந்தது.

பாதி விருந்தில் அல்மீடா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு கரண்டி. முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். வழியில் இருந்த மேஜைகளில் பேச்சு நின்றுகொண்டே வந்தது. கரண்டியை டெல்ஃபின் முன்னால் வைத்தார். அதில் நகத்தளவு ஒரு நீலத் துணுக்கு.

"பானை மூடிமேல இருந்துச்சு."

ரூயல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். துணுக்கை விரல்நுனியில் ஒற்றி எடுத்து, அதன் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பினார். அவர் அவசரப்படவில்லை.

"அல்மீடா, இதோட ஓரத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

"நீலம்."

"நல்லாப் பாருங்க. ரெண்டு நீலம். நடுவுல கறுப்பா, மெல்லிசா ஒரு கோடு. அது அடுப்புக்கரி. ஒரு தடவை நீலம் அடிச்சு, பல வருஷம் புகை படிஞ்சு, அது மேல மறுபடி அடிச்ச நீலம். நாங்க அடிச்சது ஒரே ஒரு பூச்சு. முந்தாநாள்தான். புகை எங்கேயிருந்து வரும்?"

அல்மீடா தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். நூறு பேரும் பார்க்க, பழைய அலமாரியின் அடியில் விரித்து, கதவை ஒரே ஒரு தடவை சாத்தினார். நீல மழை பெய்தது.

"அடக் கடவுளே," என்றார் டட்லி. "அப்ப இத்தனை வருஷமா நாம சாப்பிட்டது..."

"டட்லி, வாயை மூடு."

"இல்ல, ருசியாத்தான் இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

கூடம் வெடித்துச் சிரித்தது. அல்மீடா துண்டை நான்காக மடித்தார். துணுக்குகள் சிந்தாமல் கவனமாக மடித்தார். டெல்ஃபினிடம் வந்தபோது அவர் குரல் கூட்டத்துக்குக் கேட்கும் குரலாக இல்லை.

"அந்தப் புதுசுக்கு என்ன பூசினே?"

"ஆளிவிதை எண்ணெய்."

"இதுக்கும் பூசு. திங்கட்கிழமை வா, சாவி தர்றேன். சும்மா வராதே, ரூயலையும் கூட்டிட்டு வா, ஏணி பிடிக்க ஆள் வேணும்." பிறகு, போகிற போக்கில், "அந்த இரும்புக் கடை விலைப்பட்டியலை அடுப்புல போட்டுடறேன்," என்றார்.

புளூபெர்ரி பழம் அடைத்துச் சுட்ட இனிப்பை வெட்டும் நேரமாகிவிட்டது. அல்மீடா நேராகப் புது அலமாரிக்குப் போனார். வலது கையால் குமிழைப் பிடித்துக் கீழ்க்கதவைத் திறந்து, அதற்கான தட்டுகளை அடுக்கடுக்காகக் கைநிறைய எடுத்தார். இரண்டு கையும் தட்டு. திரும்பினார். பார்க்காமலேயே இடுப்பால் கதவைத் தள்ளினார்.

இடுப்பு போய் முட்டியது சிவப்பு வட்டத்தின் நட்டநடுவில். ரூயல் சொன்ன இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே.

மேஜைக்கு அடியில் டெல்ஃபினின் செருப்பு ரூயலின் காலில் ஒரு இடி இடித்தது.

"தட்டைச் செருப்பு," என்றாள், கரண்டியில் பீன்ஸை அள்ளிக்கொண்டே.